முரல்துறையின் மூன்றாம் நூற்றாண்டு

மேற்பிரிவு, நெல்லிமலைத் தோட்டம்,
ஹல்துமுல்லை.
21.01.2024

அன்புள்ள ரூபி,

உன் அப்பாவுக்கு வேலை மாற்றமாகி நீ பதுளையிலிருந்து போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. "போன்ல பேசுனா முடிஞ்சிச்சு, எதுக்கு முத்திரை ஒட்டிக்கிட்டு இருக்க?" என்று அம்மா கேட்கிறார். போனைக் காதில் வைத்தால் எனக்கு ஒரு சொல்லும் வராது என்பது உனக்குத் தெரியும். வகுப்பில் ஒரே மேசையில் இருந்தபோதும் உன்னிடம் பேசியதைவிட எழுதிக் காட்டியதுதான் அதிகம்.

முதலில் என் செய்தி. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அம்மா மழையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பதுளையில் தங்கிப் படித்த பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு மாதம் என்று சொல்லித்தான் வந்தேன். பிறகு பரீட்சை வந்து போய்விட்டது. அம்மா இப்போது நடக்கிறார். நான் டவுனில் இத்ரூஸ் நானாவின் கொமினிக்கேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுக்கிறேன், அடையாள அட்டைகளுக்கு லெமினேட் போடுகிறேன். வருத்தமில்லையா என்று கேட்பாய். இருக்கிறது, ஆனால் நாள் முழுதும் இல்லை. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் தாளைக் கையில் எடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. "என்ன புள்ள, வாயில பூட்டா போட்டீக்கி? ஆக்கள் வந்தா வாங்கன்னு செல்லு" என்று நானா தினமும் சொல்வார். நான் தலையை ஆட்டுவேன். வருகிறவர்களுக்கு அது பழகிவிட்டது.

இனி நம்முடைய கற்பனை நகரம். பின் மேசையில் நாம் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? ஆளுக்கொரு நூற்றாண்டு. ஒருத்தி எழுதியதை மற்றவள் அழிக்கக் கூடாது, வேண்டுமானால் அதற்கு மேலே கட்டலாம். முதல் நூற்றாண்டு என்னுடையது. எழுதிவிட்டேன்.

வடக்குக் கரையில் ஒரு கப்பல் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. தண்ணீர் ஏறினால் கிளம்பலாம் என்று எல்லாரும் கரையில் இறங்கிக் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது பசித்தது, அடுப்பு மூட்டினார்கள். தாகம் எடுத்தது, கிணறு வெட்டினார்கள். ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. கடைசியில் தண்ணீர் ஏறிக் கப்பல் மிதந்தபோது மாலுமி சங்கு ஊதினான். யாரும் போய் ஏறவில்லை. மாலுமியும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தான். அப்படித்தான் முரல்துறை உண்டானது. பெயர் நீ வைத்தது. முரல் மீனை நான் இன்னும் சாப்பிட்டதில்லை.

நகரம் துறைமுகத்துக்கு மேலே சரிவில் இருக்கிறது. மக்கள் படியில் இறங்கிக் கடலுக்குப் போவார்கள். காலையில் மூட்டமாக இருக்கும்.

இதே முகவரிக்கு எழுது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடும் ஒரே கூரையின் கீழ் ஒரே வரிசை, கதவுகளுக்கு இலக்கம் கிடையாது. அதனால் தபால்காரர் எல்லாருடையதையும் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டில், கிளாக்கர் ஐயாவுக்கு நினைவு வந்தால், கூப்பிட்டுக் கொடுப்பார். என் பதில் தாமதமானால் கோபிக்காதே.

தனுஷியா

*

பருத்தித்துறை
11.02.2024

என் அருமைத் தனு,

அடி, என்ன வேலை செய்து வைத்திருக்கிறாய்! சரிவாம், படியாம், மூட்டமாம்! இங்கே வந்து பார். தரை தோசைக்கல் மாதிரிக் கிடக்கிறது. சைக்கிளில் போனால் பிரேக்கே தேவையில்லை. நான் உன் கடிதத்தை வாசித்துச் சிரித்த சிரிப்பில் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

பிறகுதான் விளங்கியது. உங்கள் தோட்டத்து உச்சியிலிருந்து தெற்கே வானம் தெளிந்த நாளில் கடல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். நீ கடலை மேலேயிருந்துதானே பார்த்திருக்கிறாய். உனக்குக் கடல் என்றால் கீழே. எனக்குக் கடல் என்றால் வாசலுக்கு நேரே.

அழிக்கக் கூடாது என்பதால் கட்டிவிட்டேன். கேள். நூறு வருடம் சிப்பியைத் தின்று ஓடுகளை ஒரே இடத்தில் கொட்டினார்கள். அது மலையாகிவிட்டது. அதன்மேல் வீடு கட்டினார்கள். ஆகவே சரிவு. மூட்டம் என்று நீ சொன்னது மீன் வாட்டும் புகை. எப்படி?

இரண்டாம் நூற்றாண்டு என்னுடையது. முரல்துறை பணக்கார நகரமாகிவிட்டது. உப்பு, சங்கு, கருவாடு. கப்பலில் கண்ணாடி வருகிறது, பட்டு வருகிறது. நான் தெருக்களைப் போட்டேன்: சங்குகாரர் தெரு, விளக்குத் தெரு, கருவாட்டுக் கடைத் தெரு, கப்பல்காரர் குறுக்குத் தெரு. எல்லா வீட்டுக்கும் செம்புத் தகட்டில் இலக்கம். வரி வாங்கும் ஆயத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். தெருவில் விசில் அடிப்பதற்கும் வரி போட்டவர். அவரை உனக்குப் பிடிக்கும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுமைகாரர்கள் கிழக்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரு இல்லை, நீள வரிசைதான். கதவுகளில் இலக்கம் கிடையாது. அவர்களுக்குக் கடிதம் வந்தால் துறைமுகக் கந்தோரில் போட்டுவிடுவார்கள். இந்த யோசனை உன் முகவரியைப் பார்த்துத்தான் வந்தது. வடிவாயிருக்கிறதல்லவா?

பள்ளிக்கூடத்தை விட்டது கேட்டு எனக்குக் கவலை. ஆனால் நீ எழுதிய விதத்தில் என்னால் கவலைப்பட முடியவில்லை. இங்கே எனக்கு உயர்தரம், காலை வகுப்பு, பின்னேர வகுப்பு, பிறகு ரீச்சர் வீட்டு வகுப்பு. அடுத்த நூற்றாண்டை நீ சீக்கிரம் எழுது, எனக்கு வாசிக்க நல்லதாக ஒன்று வேண்டும்.

உன் ரூபி

*

ஹல்துமுல்லை
03.03.2024

அன்புள்ள ரூபி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில். தண்ணீர் குறைந்துவிட்டது. அம்மா நலம், அப்பா நலம்.

இரண்டாம் நூற்றாண்டை வாசித்தேன். ஆயத் தலைவர் நன்றாக இருக்கிறார். சிப்பி மலையும் நன்றாக இருக்கிறது.

சுமைகாரர்கள் எங்கேயிருந்து வந்தார்கள் என்று நீ எழுதவில்லை.

மூன்றாம் நூற்றாண்டுக்கு எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

தனுஷியா

*

பருத்தித்துறை
24.03.2024

தனு,

இது என்ன கடிதம்? தந்தியா? எங்கள் பக்கத்து வீட்டு மாமா கனடாவிலிருந்து போடும் வாழ்த்து அட்டையில் இதைவிடக் கூட எழுத்து இருக்கும்.

உனக்குச் சுகமில்லையோ என்று பயந்துதான் போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் போனுக்கு எடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், உனக்கே எப்படி இருக்கிறது என்று பார்.

"தனு, நான் ரூபி. சுகமா இருக்கிறியோ?"

"ம்."

"என்னோடை கோவமோ?"

"ம்ஹூம்."

"பிறகு ஏன் ரெண்டு வரியிலை எழுதினனீ?"

பின்னால் யாரோ தகரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிறகு உன் அப்பா போனை வாங்கி, "அது அப்பிடித்தாம்மா. ஒங்கிட்ட மட்டுமில்ல, எங்கிட்டயும் அப்பிடித்தான். நீ கடுதாசி போடு, அதுக்குத்தான் பதில் வரும்" என்றார். ஆகவே போடுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். சுமைகாரர்கள் வேறு தேசத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். துறைமுகம் கட்டும்போது ஆள் போதவில்லை, கூட்டி வந்தார்கள். வேலை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நகரம் நினைத்தது. அதனால்தான் தெரு போடவில்லை. அவர்களும் போகவில்லை, நகரமும் மறந்துவிட்டது. சும்மா ஒரு விவரம்தான், தனு. கதை அவர்களைப் பற்றியது இல்லையே.

நேற்றுக் கரைக்குப் போனேன். முரல் மீன் வந்திருந்தது. உனக்கு ஒன்று அனுப்ப வழியிருந்தால் அனுப்புவேன்.

ரூபி

*

மேற்பிரிவு, நெல்லிமலைத் தோட்டம்
28.04.2024

அன்புள்ள ரூபி,

புத்தாண்டு நல்லபடியாகப் போனது. கோயிலில் பொங்கல் வைத்தோம். அப்பா எனக்கு நீலத்தில் ஒரு சட்டைத்துணி வாங்கி வந்தார். உன் கடிதம் புத்தாண்டுக்கு முன்பே வந்து ஆபீசில் கிடந்திருக்கிறது, எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது.

மூன்றாம் நூற்றாண்டை எழுதிவிட்டேன்.

முரல்துறையின் கிழக்கு வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அவள் சங்கு மூட்டை தூக்குகிறவள். அவளுடைய அண்ணன் வேறு தேசத்திலிருந்து கடிதம் எழுதினான். 'நான் வரும் கப்பல் முரல்துறையில் ஒரு பகல்தான் நிற்கும். உன்னைப் பார்க்க வேண்டும்' என்று எழுதினான். கடிதம் கந்தோருக்குப் போனது. கந்தோரில் அன்று கணக்கு முடிக்கிற நாள். பிறகு ஆயத் தலைவரின் மகளுக்குக் கலியாணம். கடிதம் மேசைக்கு அடியில் கிடந்தது.

கப்பல் வந்தது. அண்ணன் இறங்கித் தங்கையின் பெயரைச் சொல்லிக் கேட்டான். "எந்தத் தெரு?" என்று எல்லாரும் கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை. "என்ன இலக்கம்?" என்று கேட்டார்கள். அதுவும் தெரியவில்லை. பொழுது சாயும்வரை துறைமுகத்தில் நின்றுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். அந்தப் பகல் முழுதும் அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாள். முகத்தை மறைத்து மூட்டை இருந்தது.

கடிதம் பிறகு கிடைத்தது. அவள் அழுதாள். வரிசையில் யாரும் சத்தம் போடவில்லை, வேலையை நிறுத்தவுமில்லை. யார் முதலில் யோசனை சொன்னது என்பது வரலாற்றில் இல்லை. அடுத்த நாள் காலை எல்லாரும் வழக்கம்போல வந்தார்கள். கப்பலிலிருந்து எல்லா மூட்டையையும் கவனமாக இறக்கினார்கள். ஆனால் ஒன்றையும் தெருவுக்குக் கொண்டு போகவில்லை. எல்லாவற்றையும் துறைமுகக் கந்தோர் வாசலில் வைத்தார்கள்.

சங்குகாரர் ஓடி வந்து, "என் மூட்டையை ஏன் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை?" என்று கத்தினார்.

"கந்தோருல வச்சிருக்கோங்க," என்றார்கள் சுமைகாரர்கள். "ஒங்களுக்கு நேரங் கெடைக்கிறப்ப வந்து எடுத்துக்கங்க."

கருவாடு வந்தது, கந்தோரில் வைத்தார்கள். எண்ணெய்ப் பீப்பாய் வந்தது, கந்தோரில் வைத்தார்கள். ஆடுகள் வந்தன. கலியாணப் பெண்ணுக்கு ஆளுயரக் கண்ணாடி வந்தது, ஆடுகள் அதில் தங்களைப் பார்த்து முட்ட வந்தன. ஆயத் தலைவருக்குத் தேக்கில் புதுக் கட்டில் வந்தது. அது கருவாட்டுக்கு மேலே ஏறியது. ஆயத் தலைவருக்குக் கந்தோருக்குள் போக வழியில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த எழுத்தருக்கு வெளியே வர வழியில்லை. அவருக்கு ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தார்கள். யார் கொடுத்தது தெரியுமா? சுமைகாரர்கள்தான்.

இத்தோடு மூன்றாம் நூற்றாண்டு முடிகிறது. மூட்டைகள் அங்கேயே கிடக்கின்றன.

ரூபி, கதை அவர்களைப் பற்றியது இல்லை என்று எழுதியிருந்தாய். கிழக்கு வரிசையில் ஒரு கதவு என்னுடையது. அது தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? முரல்துறையில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குச் சொல். அதன் பிறகுதான் நான் அந்த நகரத்துக்குள் மறுபடி வருவேன்.

இதைப் போனில் கேட்டிருக்க மாட்டேன்.

தனுஷியா

*

பருத்தித்துறை
19.05.2024

தனு,

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய நகரத்தை நாற வைத்துவிட்டாயே என்று நினைத்தேன். ஆடு கண்ணாடியை முட்டும் இடத்தில் சிரிப்பு வந்தது, அதனால் இன்னும் கோபம். பிறகு உன் கடைசி வரிகளுக்கு வந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா மேசைக்கு எதிரில் இருந்தார்.

"என்ன பிள்ளை, மீன் பொரிச்சது அப்பிடியே கிடக்குது?"

"அப்பா, பதுளைக் கந்தோரிலை இருக்கேக்கை தோட்டத்துச் சனத்துக்கு எந்த விலாசத்துக்குக் கடிதம் போடுவியள்?"

"தோட்டத்துக்குத்தான். மனேஜர் ஊடாக எண்டு எழுதுவம்."

"அவையின்ரை கையிலை கிடைச்சதோ?"

அப்பா முள் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அனுப்பினது மட்டுந்தான் எனக்குத் தெரியும், பிள்ளை," என்றார். அவரும் மீதியைச் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு இரண்டு பேரிலும் கோபம்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். தெரியாமல்தான் எழுதினேன். ஆனால் 'தெரியாமல்' என்று சொல்லித் தப்பவும் எனக்கு விருப்பமில்லை. உன் முகவரியை உறையில் எழுதும்போதெல்லாம் அது கதையில் வருகிற முகவரி மாதிரி இருக்கிறது என்று நினைப்பேன். இலக்கமில்லை, தெருவில்லை, மலையும் ஒரு பெயரும் மட்டும். என் கையில் அது அழகு. அதற்குள்ளே இருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. பின் மேசையில் மூன்று வருடம் உன் பக்கத்தில் இருந்திருக்கிறேன், உன் வீடு எத்தனையாவது கதவு என்றுகூட எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்.

நீ எழுதியதை நான் தொடவில்லை. மேலே கட்டியிருக்கிறேன். மூன்று நாள் பொறுத்துவிட்டு வியாபாரிகள் தாங்களே வந்து தங்கள் மூட்டையைத் தூக்கினார்கள். ஆயத் தலைவர் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு விளக்குத் தெரு முழுக்க நடந்தார். கழுத்து ஆடியது. ஒரு சின்னப் பெண் விசில் அடித்தாள், அவரால் வரி கேட்க முடியவில்லை, வாயைத் திறந்தால் கட்டில் விழுந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "கிழக்கு வரிசைக்குத் தெரு போடுங்கள். எல்லாக் கதவுக்கும் செம்புத் தகடு."

ஆனால் தெருக்களுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அங்கே இருக்கிறவர்கள்தான் வைக்க வேண்டும் என்று நகரசபை முடிவு செய்திருக்கிறது. நீ வைக்கும்வரை முரல்துறையில் அடுத்த நாள் விடியாது. நான்காம் நூற்றாண்டு என்னுடைய முறை என்றாலும் நான் தொடமாட்டேன்.

எத்தனையாவது கதவு, தனு?

ரூபி

*

மேற்பிரிவு
23.06.2024

அன்புள்ள ரூபி,

பீலியின் பக்கமிருந்து எண்ணினால் ஐந்தாவது. பீலி என்றால் மலைத்தண்ணீர் குழாயில் வந்து விழும் இடம், நாங்கள் எல்லாரும் அங்கேதான் குடம் வைப்போம்.

உன் கடிதம் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் பதில் இல்லை. கோபித்துக்கொண்டுவிட்டாய் என்று நினைத்தேன். கடையில் ஒரே தாளை இரண்டு தடவை கொப்பி எடுத்தேன், நானா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு எங்கள் தோட்டத்துக்குத் தபால் கொண்டு வரும் காமில் கடைக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "பருத்தித்துறையிலேருந்து ஒனக்கு ஒண்டு வந்திச்சே, புள்ள. போன கிழமையே ஆபீசுல குடுத்தேன்" என்றார்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஆயத் தலைவரின் கட்டில் நினைவுக்கு வந்தது. அப்போது நீ அவர் தலையில் அதை ஏற்றியிருந்தது எனக்குத் தெரியாது. கருவாட்டுக்கு மேலே கிடந்த கட்டில்தான். லீவு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நானே போனேன். வாசலில் சம்பள விசயமாகப் பத்துப் பேர் நின்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கிளாக்கர் வீரசிங்கம் ஐயா தலையை நிமிர்த்தாமல், "என்னாம்மா?" என்றார்.

"கடிதம்."

"யாருக்கு?"

"எனக்குங்க."

"ஒனக்கு யாரு கடிதம் போடுறது? அப்பாவ வரச் சொல்லு."

பின்னால் யாரோ, "போன் காலத்துல கடிதமா? பொண்ணுக்கு மாப்பிள்ள வெளியூரா?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடத்தான் கால் பார்த்தது. நான் போகவில்லை. "அப்பாவுக்கு வந்தது இல்லீங்க. எனக்கு வந்தது. பேரு எழுதியிருக்கும். தேடிக் குடுங்க," என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. வீரசிங்கம் ஐயா பேனையை வைத்துவிட்டு, "வீரய்யா மகளா? ஒனக்குப் பேச வருமா?" என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை, ரூபி. பத்து வேலையில் அது பதினோராவது.

அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் பெட்டி. அதில் உன் கடிதம் இருந்தது. அதன் கீழே இன்னும் எத்தனையோ. "மேற்பிரிவு கடிதம் எல்லாத்தையும் குடுங்க, நான் கொண்டு போய்க் குடுக்கிறேன்" என்றேன். அவருக்கு அலுமாரி காலியானதில் சந்தோசம்.

கதவு கதவாகப் போய்ப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். கடைசிக் கதவு பாக்கியம் அக்காவுக்குக் கலியாணக் கார்டு ஒன்று. கலியாணம் முடிந்து அந்தப் பெண் இப்போது மாசமாக இருக்கிறாளாம். "வளைகாப்புக்காவது போறேன்" என்று அக்கா கார்டைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று சாயந்தரம் பீலியடியில் அதுதான் பேச்சு. காமிலைக் கேட்டேன். "நம்பரும் பாதைக்குப் பேரும் இருந்தா நான் ஏன் ஆபீசுல குடுக்கிறேன்? போஸ்ட் மாஸ்டருக்கு எல்லாரும் ஒப்பம் வச்சி எழுதிக் குடுங்க" என்றார். எழுதியது நான். ஒப்பம் எல்லாரும் வைத்தார்கள்.

இலக்கம் போடுவதில்தான் சண்டை. இரண்டு முனையும் ஒன்றாம் இலக்கம் கேட்டது. "நான் இந்த லயத்துக்கு வந்தப்ப ஒங்கப்பாவுக்கு மீசையே மொளைக்கல, என்னையக் கடைசியில போடுவியா?" என்று பாக்கியம் அக்கா என்னைக் கேட்டார். "தண்ணி வர்ற பக்கந்தான்க்கா மொதல்ல," என்று அப்பா சொன்னார். தண்ணீருக்கு எதிராக யாரால் பேச முடியும்? இலக்கங்களைக் கடையில் பெரிதாக அச்செடுத்தேன். "மழையில ஊறிரும், லெமினேட் போட்டுக் குடு" என்று நானாவே இயந்திரத்தைச் சூடாக்கினார். செம்புத் தகடு இல்லை. ஆனால் பளபளவென்று இருக்கிறது. பாதைக்குப் பெயர் பீலிப் பாதை.

முரல்துறையின் கிழக்குத் தெருக்களுக்கும் பெயர் வைத்துவிட்டேன். மூட்டை இறக்கும் தெரு, ஜன்னல் சோற்றுத் தெரு. அந்தப் பெண் இருக்கும் தெருவுக்கு அண்ணன் திரும்பி வரும் தெரு.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. இப்போது இல்லை.

தனு

*

பருத்தித்துறை
14.07.2024

தனுவுக்கு, இலக்கம் ஐந்துக்கு,

உறையில் எழுதுவதற்கு முன் உன் புது முகவரியை வேறு தாளில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். சிரிக்காதே. தபால் கந்தோரில் இருந்த அக்கா வாசித்துப் பார்த்துவிட்டு, "பீலிப் பாதை எண்டால் எங்கை?" என்றார். "மலையிலை. தண்ணி வர்ற பக்கம்" என்று சொன்னேன், ஏதோ நானே அங்கே பிறந்தவள் மாதிரி.

அப்பா உன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். பிஸ்கட் பெட்டி வரும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு "இந்தப் பிள்ளை நல்லா எழுதுது" என்றார். என் பாடசாலைக் கட்டுரைகளுக்கு அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை, பொறாமையாக இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டு தொடங்கிவிட்டது. அண்ணனின் கப்பல் முரல்துறைக்கு வந்தது. இறங்கிப் பெயரைச் சொல்லிக் கேட்டான். இந்த முறை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எல்லாரும் கையைக் காட்டினார்கள். வாசலில் போய் நின்றான். கதவைத் தட்டினான். மீதியை நான் எழுதவில்லை. அது அவர்கள் வீட்டு விசயம்.

ஐப்பசி லீவுக்கு அப்பா பதுளைக்கு ஒரு வேலையாக வருகிறார். என்னையும் கூட்டி வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வந்தால் முரல் கருவாடு கொண்டு வருவேன். நாறும்.

ரூபி

*

இல. 5, பீலிப் பாதை,
மேற்பிரிவு, நெல்லிமலைத் தோட்டம்,
ஹல்துமுல்லை.
04.08.2024

அன்புள்ள ரூபி,

வந்தது. கதவுக்கே வந்தது.

ஞாயிறு அல்ல, வேலை நாள்தான், ஆனால் காய்ச்சல் விட்ட மறுநாள் என்று நான் வீட்டில் இருந்தேன். வெளியே துணி அலசிக்கொண்டிருந்தேன். கீழே பாதையில் காமில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிறார். ஒவ்வொரு கதவையும் பார்த்து, "ஒண்டு... ரெண்டு... மூணு..." என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்த லயத்துக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். எங்கள் கதவுக்கு முன்னால் நின்று, என்னைத் தெரிந்திருந்தும், "தனுஷியா வீரய்யா யாரு?" என்று சத்தமாகக் கேட்டார்.

"நான்தாங்க" என்றேன். கடைசிக் கதவு வரைக்கும் கேட்டதாம். பாக்கியம் அக்கா சொன்னார்.

"ஈரக் கையால வாங்காத, மையெல்லாம் போயிரும்" என்றார் காமில். பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினேன். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை கூட்டம் கலையவில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று இரண்டாம் இலக்கம் கேட்டது.

"ஆராச்சும் எழுதினாத்தானே நான் கொண்டு வர!"

"நம்பர ஒட்டுனா கடிதம் வரும்னு சொன்னீங்களே," என்றார் பாக்கியம் அக்கா. "பன்னெண்டாம் நம்பருன்னு பளபளன்னு ஒட்டி வச்சிருக்கேன். பல்லிதான் வந்து ஒக்காருது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் இதையெல்லாம் தொடங்கியவள் என்பது போல. காமில் எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "எழுதச் சொல்லுறதெண்டா எல்லாத்தையும் ஒரே நாளையில போடச் சொல்லு புள்ள, இந்த மலைய நான் தினமும் ஏற மாட்டேன்" என்றார்.

ஆகவே, ரூபி, உனக்கு வேலை வந்திருக்கிறது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஆளுக்கொன்று. ஐந்துக்கும் சேர்த்துத்தான். பெயர்களைத் தனியே ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் இலக்கத்துப் பெரியவருக்குக் கண் தெரியாது, அவருடையதை நான் வாசிப்பேன், அதனால் வெட்கப்படும்படி ஒன்றும் எழுதிவிடாதே. பாக்கியம் அக்காவுக்குப் பெரிய எழுத்தில் எழுது. உறையில் பன்னிரண்டு என்று தெளிவாகப் போடு.

என்ன எழுதுவது என்று கேட்பாய். அவர்களுக்கு உன்னைத் தெரியாது, உனக்கும் அவர்களைத் தெரியாது. இன்று காலை எழுந்ததும் உன் வாசலுக்கு நேரே கடல் எப்படி இருந்தது என்று எழுது. அது போதும்.

தனு